படலையில் எழுதின இலக்கமா, விதானையாரின் இடாப்பா? வீ.எம்.களுக்கு நிலையான ஐ.பி. கொடுக்கிற வழிகள்

திங்கட்கிழமை காலை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் பாண் வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒபிஸிலிருந்து தம்பி போன் எடுத்தான்.

"அண்ணை, கணக்கு சேர்வர் ஒருக்கா வருது, ஒருக்கா போகுது. பிங் அடிச்சா பதில் வருது. ஆனா சொவ்ட்வெயார் திறக்குதில்லை."

"எந்தக் கொம்பியூட்டரில இருந்து?"

"ஒண்டில வேலை செய்தா மற்றதில இல்லை அண்ணை."

அதைக் கேட்டதுமே விளங்கிவிட்டது. ஒரே ஐ.பி.யை (நெட்வேர்க்கில் ஒரு கணினியின் முகவரி இலக்கம்) இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். போய் ஆர்ப் அட்டவணையை, அதாவது எந்த ஐ.பி. எந்த நெட்வேர்க் கார்ட்டில் என்று ஒவ்வொரு கணினியும் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தேன். ஒரு கணினியில் 192.168.1.20க்கு நேரே 52:54:00 என்று தொடங்கும் மேக் முகவரி (நெட்வேர்க் கார்ட்டின் அடையாள இலக்கம்). பக்கத்துக் கணினியில் அதே 20க்கு வேறொரு மேக். 52:54:00 என்பது கே.வி.எம். என்ற மென்பொருளில் ஓடும் வீ.எம்.களின் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) வழமையான தொடக்கம் (விர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருள் என்றால் 08:00:27). அது எங்கள் கணக்கு சேர்வர். மற்றது எங்கள் ஆள் ஒருவரின் கைத்தொலைபேசி.

வெள்ளி பின்னேரம் பக்அப் எடுக்க அந்த வீ.எம்.மை நிறுத்தியவன் திரும்ப எழுப்ப மறந்துவிட்டான். மறந்தவன் நான்தான். சனிக்கிழமை றவுட்டர் 20ஆம் இலக்கத்தைப் போனுக்குக் கொடுத்துவிட்டது. கொடுக்க முன் அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்திருந்தாலும் பதில் சொல்ல ஆள் இல்லை, வீ.எம். நித்திரை. திங்கள் அது எழும்பி, தனக்குள் எழுதியிருந்த 20ஐப் போட்டுக்கொண்டது. விண்டோஸ் என்றால் மோதல் என்று சத்தம் போட்டிருக்கும். லினக்ஸ் வகையான உபுண்டு சேர்வர் கையால் எழுதின முகவரியைப் பொறுத்தவரை, தானாக அப்படித் தேடிப் பார்ப்பதில்லை.

அன்றிலிருந்து இந்த விடயத்தில் எனக்கொரு பிடிவாதம் உண்டு. முகவரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் வழிகளை ஒப்பிடவேண்டும். வீட்டுக்காரனே படலையில் இலக்கம் எழுதுவது ஒன்று. விதானையாரின் (கிராம அலுவலரின்) இடாப்பில், அதாவது பதிவேட்டில், இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதும் உண்டு, வருகிறேன்.

உள்ளேயே எழுதுவது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். உபுண்டுவில் நெட்பிளான் என்ற நெட்வேர்க் அமைப்புக் கோப்பு, டெபியனில் பழைய இன்டர்பேசஸ் கோப்பு, விண்டோஸில் அடப்டரின் பண்புகள். யாரையும் கேட்கத் தேவையில்லை, யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. வீ.எம். எழும்பினால் முகவரியும் அதோடு எழும்பும். இந்த ஒரு குணத்துக்காகவே சில மெசின்களுக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது.

தொல்லை எழுதும்போதே தொடங்கும். நெட்பிளான் கோப்பில் டப் விசை ஆகாது, இடைவெளி ஒன்று பிசகினாலும் வாங்காது. இணையத்தில் கிடக்கும் பழைய உதாரணங்களில் 'கேட்வே4' என்ற வரி இருக்கும் (கேட்வே என்பது வெளியே போகும் வாசல், பெரும்பாலும் றவுட்டர்). அது இப்போது கைவிடப்பட்டது, 'ரூட்ஸ்' என்ற பகுதிக்குள் டிஃபோல்ட் பாதை என்று எழுதவேண்டும். தொலைவிலிருந்து மாற்றுகிறீர்கள் என்றால் 'அப்ளை' அடிக்காதீர்கள், 'ட்றை' அடியுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் சரி என்று சொல்லாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். இதை அறியாமல் மழைக்குள் கொக்குவிலிலிருந்து ஒபிஸுக்கு ஒரு இரவு மோட்டார்சைக்கிள் ஓடியிருக்கிறேன்.

பெரிய தொல்லை வேறு. பத்து வீ.எம். இருந்தால் பத்து இடத்தில் எழுத்து. எது யாருக்கு என்று ஒரு எக்செல் கோப்பு இருக்கும், அது போன வருசத்தோடு நின்றிருக்கும். வீ.எம்.மை வேறொரு ஹைப்பர்வைசருக்கு (வீ.எம்.களை ஓட்டும் மென்பொருள்) மாற்றினால் உள்ளே நெட்வேர்க் கார்ட்டின் பெயரே மாறிவிடக்கூடும். அப்போது பழைய பெயருக்கு எழுதின ஐ.பி. அனாதையாகக் கிடக்கும், கொன்சோலைத் திறந்து கையால்தான் திருத்தவேண்டும்.

டி.எச்.சி.பி. ஒதுக்கீடு

இது விதானையாரின் இடாப்பு. வீ.எம். வழக்கம்போல, முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. சேர்வரிடம் கேட்கும். 'இந்த மேக் வந்தால் இந்த ஐ.பி.' என்று சேர்வரில் ஒரு வரி இருக்கும். எல்லாம் ஒரே கோப்பில் கண் முன்னால். காலையில் நடந்தது போன்ற மோதல் வராது, ஏனென்றால் ஒதுக்கின இலக்கத்தை சேர்வர் வேறு யாருக்கும் நீட்டாது.

ஆனால் இடாப்பு யார் கையில் என்று பார்க்கவேண்டும். இணைய நிறுவனம் தரும் றவுட்டரில் இந்த வசதி பெரும்பாலும் இருக்கும். நான் அதை நம்பி ஒதுக்கீடு முழுவதையும் அதில் எழுதினேன். ஒருநாள் இடி மின்னலில் றவுட்டர் போய்விட்டது. மாற்றித் தந்தார்கள், நல்ல வேகமாகவே தந்தார்கள். புதுப் பெட்டியில் இடாப்பு வெறுமை. அதோடு பழையது 192.168.1 வரிசை, புதியது 192.168.8. உள்ளே கையால் எழுதியிருந்த வீ.எம்.கள் பழைய வரிசையிலேயே முழித்துக்கொண்டிருந்தன. புதுப் பெட்டியின் உள் நெட்வேர்க் (லான்) முகவரியைப் பழையதாக மாற்றி அன்று சமாளித்தோம், ஒதுக்கீடுகளை ஞாபகத்திலிருந்து எழுதினோம். ஞாபகம் இரண்டு இடத்தில் பிழைத்தது.

ஆகவே ஒதுக்கீடு என்றால் உங்கள் சொந்தச் சேர்வரில் வையுங்கள். டி.என்.எஸ்.மாஸ்க் என்ற சின்ன மென்பொருள் காணும். ஒரு மெசினுக்கு ஒரு வரி: மேக், ஐ.பி., பெயர். அதே வரியால் டி.என்.எஸ். பெயரும் (இலக்கத்துக்குப் பதில் கூப்பிடும் பெயர்) கிடைத்துவிடும். கோப்பைப் பக்அப் எடுக்கலாம், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஜிட்டில் போடலாம், யார் எப்போது மாற்றினார் என்று பார்க்கலாம். றவுட்டரில் டி.எச்.சி.பி.யை நிறுத்த மறக்காதீர்கள், ஒரு ஊருக்கு இரண்டு விதானையார் ஆகாது.

எங்கள் பிரிப்பு இப்படி. 2 முதல் 49 வரை உள்ளே எழுதுபவை. 50 முதல் 99 வரை ஒதுக்கீடு. 100 முதல் 199 வரை வருவோர் போவோரின் போனுக்கும் லப்டொப்புக்கும். ஒதுக்கின முகவரி அந்த 100–199 வரம்புக்குள் இருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டி.என்.எஸ்.மாஸ்க்கில் அப்படியில்லை, அதே சப்நெட்டுக்குள் (இங்கே 192.168.1 வரிசை) இருந்தால் போதும்.

இந்த வழியின் ஒளிந்திருக்கும் குழி கிளோன். ஒரு உபுண்டு வீ.எம்.மை நன்றாகச் செய்து, அதைப் பிரதி எடுத்து மூன்றாக்குவீர்கள். ஹைப்பர்வைசர் ஒவ்வொன்றுக்கும் புது மேக் கொடுத்துவிடும், அதில் பிழை இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் மெசின் ஐ.டி. என்ற கோப்பு மூன்றிலும் ஒன்றே. உபுண்டு சேர்வர் டி.எச்.சி.பி.யில் தன்னை அடையாளம் சொல்வது அந்த ஐ.டி.யிலிருந்து பிறந்த ஒரு இலக்கத்தால்தான். மூன்று பேர் ஒரே அடையாள அட்டையோடு வரிசையில் நின்றால் விதானையார் என்ன செய்வார், மூன்று பேருக்கும் ஒரே முகவரியை நீட்டுவார். தம்பி இதோடு ஒரு முழுப் பின்னேரம் மாரடித்தான். மேக்கை மாற்றி மாற்றிப் பார்த்தான், அசையவில்லை. பிரதி எடுக்கும் மூல வீ.எம்.மை மூட முன் அந்த மெசின் ஐ.டி. கோப்பை வெறுமையாக்கிவிட்டால் ஒவ்வொரு பிரதியும் எழும்பும்போது தனக்குப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும். அல்லது நெட்பிளானில், அடையாளமாக மேக்கையே சொல் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

கரண்ட் போய் வரும்போது

இரண்டையும் தராசில் வைக்கும் இடம் இதுதான். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதியை நான் அதிகம் கண்டதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த இலங்கையில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் விடமுடியாது. ஒபிஸில் வைக்கிற சாதாரண யூ.பி.எஸ். அந்தளவு தாங்காது. எல்லாம் அணைந்து, எல்லாம் ஒன்றாக எழும்பும். எது முதலில் எழும்பும் என்பதில்தான் விசயம் இருக்கிறது.

ஒரு உதாரணம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை லோக்கல்ஹோஸ்ட் (அந்த மெசினுக்குள் மட்டும்), 192.168.1.51 என்ற இரண்டு முகவரியிலும் காது கொடு என்று வைத்திருந்தோம். வீ.எம். எழும்பியபோது டி.எச்.சி.பி. சேர்வர் இன்னும் தயாரில்லை. 51 இன்னும் வரவில்லை. போஸ்ட்கிரெஸ் லொக்கில் ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு, லோக்கல்ஹோஸ்டில் மட்டும் கடை திறந்துவிட்டது. ஒரு முகவரியாவது கிடைத்தால் அதற்குக் காணும். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு 51 வந்தது, போஸ்ட்கிரெஸ் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலையைக் கேட்டால் பச்சை நிறத்தில் 'ஓடுகிறது' என்று காட்டும். வெளியிலிருந்து ஒருவராலும் தொடமுடியாது. உள்ளே முகவரி எழுதியிருந்தால் இது நடந்திராது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் உள்ளே எழுதிவிடலாமே என்று தோன்றும். நான் அதற்குப் போகவில்லை. டி.என்.எஸ்.மாஸ்க் ஓடும் வீ.எம்.முக்கு மட்டும் உள்ளே எழுதினோம். எங்கள் ஹைப்பர்வைசரான புறொக்ஸ்மொக்ஸில் அதன் தொடக்க வரிசையை 1 என்று போட்டு, அடுத்தவை 30 விநாடி பொறுத்து எழும்பட்டும் என்று வைத்தோம். இதில் ஒரு அழகு இருக்கிறது. வீ.எம்.களெல்லாம் ஒரே சேர்வருக்குள் ஒரே பிரிட்ஜில் (மென்பொருளால் ஆன சுவிட்ச்) தொங்குகின்றன. வெளியே றவுட்டர் செத்துக் கிடந்தாலும், சுவிட்சுக்கு கரண்ட் இல்லாவிட்டாலும், பிரிட்ஜுக்குள்ளேயே முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளும். றவுட்டர் ஆறுதலாக எழும்பட்டும். போஸ்ட்கிரெஸை எல்லா முகவரியிலும் காது கொடு என்று மாற்றி, யார் வரலாம் என்பதை ஃபயர்வோலிலும் அதன் சொந்த அனுமதிக் கோப்பிலும் கட்டுப்படுத்தினோம்.

ஆக, உள்ளே எழுதுவது ஹைப்பர்வைசர், டி.எச்.சி.பி. சேர்வர், டி.என்.எஸ். என மற்றவர்கள் நம்பி நிற்கும் மூன்று நாலு பேருக்கு மட்டும். மிச்சம் எல்லாம் இடாப்பில். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

நடுவில் நிற்கும் கிளவுட்-இனிட்

புறொக்ஸ்மொக்ஸில் வீ.எம்.மின் அமைப்புப் பக்கத்திலேயே ஐ.பி.யையும் கேட்வேயையும் எழுதலாம். அது ஒரு குட்டி சீ.டி. போல வீ.எம்.மோடு ஒட்டப்படும். எழும்பும்போது உள்ளே இருக்கும் கிளவுட்-இனிட் என்ற மென்பொருள் அதை வாசித்து நெட்பிளானை எழுதும். டி.எச்.சி.பி.க்காகக் காத்திருப்பதும் இல்லை, பத்து இடத்தில் கையெழுத்தும் இல்லை. பக்அப் எடுத்தால் அமைப்பும் கூடவே போகும். ஒரே நாளில் பல வீ.எம். எழுப்புகிறவர்களுக்கு இதுதான் சரி.

இரண்டு குறை. உள்ளே போய்க் கையால் திருத்தினால் ஒருநாள் அதன் மேல் எழுதிவிடும், 'நேற்றுச் சரியாகத்தானே இருந்தது' என்று தலையைச் சொறிவீர்கள். மற்றது, புறொக்ஸ்மொக்ஸில் முகவரியை மாற்றினால் கிளவுட்-இனிட் அதைப் புது மெசின் என்று எண்ணி தொலைவிலிருந்து நுழையப் பாவிக்கும் எஸ்.எஸ்.எச்.சின் சேர்வர் சாவிகளையும் புதிதாக்கிவிடும். அடுத்த தடவை நுழையும்போது பெரிய எச்சரிக்கை வரும். பயப்படத் தேவையில்லை, ஏன் வந்தது என்று தெரிந்திருந்தால் சரி. பழைய விண்டோஸ் வீ.எம்.களுக்கு இந்த வழி சுலபமில்லை.

வீட்டில் லப்டொப்போடு படிக்கிறவருக்கு

இதைக் கேட்பவர்கள்தான் அதிகம், பதிலோ சின்னது. வைஃபையில் இருந்துகொண்டு பிரிட்ஜ் போட மினக்கெடாதீர்கள். தன்னோடு பதிந்துகொண்ட மேக்கை மட்டுமே வைஃபை றவுட்டர் மதிக்கும், லப்டொப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வீ.எம்.மின் மேக்கை அது அறியாது. விர்ச்சுவல்பொக்ஸ் ஏதோ உருமாற்றம் செய்து ஓட்டப் பார்க்கும், சில றவுட்டரில் ஓடும், சிலதில் பல்லிளிக்கும்.

லினக்ஸில் வீ.எம். ஓட்ட லிப்வேர்ட் பாவிக்கிறீர்கள் என்றால் 192.168.122 வரிசையில் ஒரு டி.என்.எஸ்.மாஸ்க் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், அதிலேயே ஒதுக்கீட்டு வரியைச் சேர்க்கலாம். விர்ச்சுவல்பொக்ஸ் என்றால் வீ.எம்.முக்கு இரண்டு கார்ட் போடுங்கள். முதலாவது நாட், அது இணையத்துக்கு, அதில் 10.0.2.15 வரும், தொடவேண்டாம். இரண்டாவது ஹோஸ்ட்-ஒன்லி (லப்டொப்புக்கும் வீ.எம்.களுக்கும் இடையில் மட்டும்), 192.168.56 வரிசை. அங்கே டி.எச்.சி.பி. வழமையாக 101இலிருந்துதான் கொடுக்கும். 192.168.56.10 என்று உள்ளே எழுதுங்கள், இரண்டாவது கார்ட்டில் கேட்வே எழுதாதீர்கள். எழுதினால் இணையம் போகும் வழி குழம்பிவிடும். வீட்டு வைஃபை மாறினாலும், போன் ஹொட்ஸ்பொட்டில் நல்லூர்க் கோவிலடியில் இருந்து திறந்தாலும் அந்த 56.10 அப்படியே இருக்கும்.