அல்சைமர்: கூட்டு வாழ்முறையா, துணை மாத்திரையா, புதிய மருந்தா?

அல்சைமர் நோய்க்கு எதிராக இன்று மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. அவை வாழ்முறையை முழுமையாகச் சீரமைக்கும் கூட்டு முறை, நினைவாற்றலுக்கென விற்கப்படும் துணை மாத்திரைகள், மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் மருந்துகள். ஒன்றுக்கொன்று மாற்றாக இவை பேசப்பட்டாலும், நோயின் எந்தக் கட்டத்திற்கு எது என்று கேட்காமல் ஒப்பிடுவதில் பொருளில்லை.

கூட்டு முறைக்குக் குறிப்பிடத்தக்க சான்று, பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் நடத்தப்பட்ட ஃபிங்கர் ஆய்வாகும். உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இதய நலக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் இரண்டாண்டுகள் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களின் அறிதிறன் (நினைவு, சிந்தனை முதலிய மூளைத் திறன்கள்), பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக மேம்பட்டதாக 2015இல் வெளியான முடிவு காட்டியது. ஆயினும் அது அளந்தது அறிதிறனையே. நோய் தடுக்கப்பட்டது என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. உணவை மட்டும் பிரித்தெடுத்து, 604 பேரிடம் மூன்றாண்டுகள் சோதித்த, மூளை நலத்துக்கென வகுக்கப்பட்ட மைண்ட் உணவுமுறை ஆய்வில் (2023) அந்த உணவை உண்டவர்களுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அறிதிறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. குறிப்பிட்ட ஓர் உணவை மருந்தாகவே நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

துணை மாத்திரைகளைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. ஜிங்கோ பிலோபா என்னும் மரத்தின் இலைச் சாற்றை 75 வயதைக் கடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதித்து 2008இல் வெளியான பெரிய ஆய்வில், மறதிநோய் (டிமென்ஷியா) வருவது குறையவில்லை.

நோய் தொடங்கிய பிறகு நிலைமை வேறு. 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற, அமிலாய்டை அகற்றும் லெக்கானெமாப் மருந்து, தொடக்க நிலை நோயாளிகளிடம் 18 மாதங்களில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. அந்தச் சதவீதம் கேட்க இனிமையாக இருந்தாலும், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் போலி மருந்து பெற்றவர்களோடு வேறுபாடு 0.45 மட்டுமே, இழந்த நினைவை அது மீட்பதில்லை, மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் நேரலாம். தீவிர வாழ்முறை மாற்றத்தையே சிகிச்சையாக்கி 51 பேரிடம் 20 வாரங்கள் நடத்தி, 2024இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருவதுதான். ஆனால் ‘நோயைத் திருப்பிவிடலாம்’ என்னும் விளம்பரங்களைத் தாங்கும் வலு அதற்கில்லை.

ஆகவே நோய் வருமுன் கூட்டு முறையையும், வந்தபின் மருத்துவரோடு கலந்து மருந்தின் பயனையும் ஆபத்தையும் எடைபோடுவதையும் நான் தேர்வேன். கூட்டு முறையிலும் எதில் தொடங்குவது என்று கேட்டால், இரத்த அழுத்தத்தையே முதலில் சொல்வேன்: மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே வைக்க இலக்கு கொண்ட அமெரிக்க ஆய்வில் (2019), 140க்குக் கீழே என்ற இலக்கைவிட லேசான அறிதிறன் குறைபாடு குறைவாகவே ஏற்பட்டது, மறதிநோயைப் பொறுத்தவரை அதே உறுதி கிட்டவில்லை.