தைப்பட்டத்துக்குப் பையில் எதை நிரப்புவது: செம்மண்ணா, தென்னை நார்க்கழிவா?

மார்கழிக் கடைசியில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் பழைய பைகளைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருப்பார்கள். தையில் விதைக்கும் வெண்டையும் நடும் கத்தரியும் பங்குனி, சித்திரை வெயிலில்தான் காய்க்கும். ஆடிப்பட்டத்தைப்போல மழை வந்து கைகொடுக்காது. அதனால் இந்தப் பட்டத்துக்கு எந்த விதை என்பதைவிட, பைக்குள் என்ன கலவை என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எடையில் நார்க்கழிவை மிஞ்ச முடியாது. ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பை ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும். அதில் வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் விட்டால் 30 கிலோவைத் தாண்டிவிடும். நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தால் அதில் பாதிதான் வரும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரவிதி வைத்திருக்கும் பாரக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஒரு சதுர மீட்டரில் ஒன்பது மண் பைகளை நெருக்கி வைத்தால் 270 கிலோ ஆகிவிடும். பழைய வீடு என்றால் பைகளைச் சுவரோரமாகவும் தூண், உத்தரம் இருக்கும் இடங்களிலும் தள்ளித் தள்ளி வையுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம்.

தண்ணீர் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. நார்க்கழிவு தன் எடையைப்போல எட்டு மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்கும். ஆனால் ஒருமுறை சுத்தமாகக் காய்ந்துவிட்டால் மறுபடி நனையாமல் அடம்பிடிக்கும். ஊற்றும் தண்ணீர் பையின் ஓரமாக வழிந்து ஓடிவிடும். மேலே ஈரமாகத் தெரியும், வேர்ப்பகுதி வறண்டு கிடக்கும். சித்திரையில் இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது என் பைகள் இப்படித்தான் இருந்தன. வாளித் தண்ணீரில் பையோடு ஊறவைத்த பிறகுதான் செடிகள் நிமிர்ந்தன. அப்புறம் மூடாக்கு இல்லாமல் ஒரு பையையும் விடுவதில்லை. காய்ந்த இலையோ கரும்புச் சக்கையோ இரண்டு அங்குலம் போட்டால் போதும்.

நார்க்கழிவின் உண்மையான பலவீனம் சத்து. அதில் பொட்டாசியமும் சோடியமும் உப்பாக ஒட்டியிருக்கும். நாம் கொடுக்கும் கால்சியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்குக் கால்சியம் போதாமையும் ஒழுங்கில்லாத நீர்ப்பாய்ச்சலும்தான் காரணம். முட்டையோட்டைப் பொடித்துப் போட்டால் உடனே சரியாகாது, அது கரைய மாதக்கணக்கில் ஆகும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, தேநீர் நிறத்தில் வரும் தண்ணீரை மூன்று முறையாவது வடித்த பிறகே பயன்படுத்துங்கள். மக்கவைத்த நார்க்கழிவு கிடைத்தால் இன்னும் நல்லது. பச்சையாக இருக்கையில் அதில் கரிமம் தழைச்சத்தைப்போல 100 மடங்குக்கு மேல் இருக்கும். அப்படியே போட்டால் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைத் தின்றுவிடும், இலை வெளுக்கும்.

செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. சத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்; உரம் போட ஒரு வாரம் தாமதமானாலும் செடி தாங்கும். உயரமாக வளரும் கத்தரி காற்றில் சாயாமல் நிற்கவும் அந்தக் கனம் உதவுகிறது. தனியாக விட்டால் வெயிலில் இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும் என்பது அதன் குறை. எங்கிருந்து வந்த மண் என்று தெரியாவிட்டால் வேர்முடிச்சு நூற்புழுவும் சேர்ந்து வரலாம். ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து, ஈரப்படுத்தி, பத்து நாள் ஆறவிட்டு விதைப்பது என் வழக்கம்.

விலையை ஊருக்கு ஊர்தான் ஒப்பிட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு மலிவு. சென்னையில் நல்ல செம்மண் கிடைப்பதே பாடு.

காய்க்கும் செடிக்கு மண் இல்லாத கலவையை நான் இனி வைக்கமாட்டேன். கத்தரி, மிளகாய், வெண்டை, பாகலுக்குச் செம்மண், நார்க்கழிவு, தொழு உரம் மூன்றும் சம பங்கு. சிறுகீரைக்கு நார்க்கழிவும் மண்புழு உரமும் பாதிப் பாதி தாராளம். ஒரு மாதத்தில் அறுவடை முடிந்துவிடும், சத்துப் பஞ்சம் வருவதற்குள் பை காலியாகும். நாற்று விடவும் அதுதான் வசதி, பிடுங்கும்போது வேர் அறாமல் வரும். கத்தரி நாற்றுக்கு 30 நாளாவது வேண்டும் என்பதால் குழித்தட்டை மட்டும் மார்கழி பிறந்ததுமே நிரப்பிவிடுங்கள்.