சுங்கை சிப்புட்டில் ரீபாண்டிங் செய்ய நினைப்பவர்களுக்கு

தங்கையின் சுருட்டை முடியை மருந்தால் நிமிர்த்தும் ரீபாண்டிங் செய்ய, மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மாடியில் இருக்கும் ஒரு சிறிய அழகு நிலையத்துக்குப் போனோம். கட்டணம் 260 வெள்ளி. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் மாலை மூன்றுக்குத்தான் எழுந்தாள். இவ்வளவு நேரம் ஏன் என்று கேட்பவர்களுக்காகவே எழுதுகிறேன். ஆறாம் படிவத்தில் உயிரியல் கற்பிக்கிறேன். அந்த நிலையத்தை நடத்தும் அக்கா வேலை செய்வதைப் பார்க்க அவ்வளவு பிடித்திருந்தது.

முடி என்பது கெராட்டின் என்னும் புரதம். அதன் சங்கிலிகள் ஆல்ஃபா சுருளாக முறுக்கிக்கொண்டு நிற்பது ஹைட்ரஜன் பிணைப்புகளால். 1951இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட வடிவம் அது. நேரான முடியிலும் அந்தச் சுருள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் சுருட்டை வேறு. ஹைட்ரஜன் பிணைப்பைக் குலைக்கத் தண்ணீரே போதும். வீட்டில் சூடு வைத்து நிமிர்த்திய முடி, ஒரு மழைக்கே பழையபடி சுருண்டுவிடுவது அதனால்தான். சுருட்டையை விடாமல் பிடித்து வைப்பது அந்தப் புரதத்தில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களின் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக இணையும் டைசல்பைடு பிணைப்பு. அது தண்ணீருக்கு அசையாது.

முதலில் பூசும் தயோகிளைகோலேட் களிம்பு அதைத்தான் உடைக்கிறது. நாற்றம் மூக்கைத் துளைக்கும். இதே வேதிப்பொருள், காரத்தன்மை இன்னும் கூடினால், முடியை அகற்றும் களிம்பாகிவிடும்! ஆகவே எப்போது நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அக்கா கடிகாரத்தை மட்டும் நம்பவில்லை. அவ்வப்போது ஓர் இழையை எடுத்து இழுத்துப் பார்த்தார். இழுத்த இழை மீண்டும் சுருங்காமல் நின்றதும் உடனே கழுவிவிட்டார். பிறகு மெல்லிய பிரிவுகளாகப் பிரித்து, சூட்டுக் கருவியால் நிமிர்த்தினார்.

அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்து. உடைந்த பிணைப்புகள் புதிய இடத்தில் மீண்டும் சேர்வது இந்தக் கட்டத்தில். வேறோர் ஊர்க் கடையில் இதை அவசரமாக முடித்துவிட்டதால் தங்கையின் முடி முன்பு பாதியில் ஒடிந்தது. இங்கே அக்கா சொன்னது: "டீச்சர், இதில் மட்டும் என்னை அவசரப்படுத்தாதீர்கள். பசித்தால் கீழே போய்ச் சாப்பிட்டு வாருங்கள்." ஒரு வாடிக்கையாளர் சோடியம் ஹைட்ராக்சைடு மருந்தால் ஏற்கெனவே நிமிர்த்திய முடியோடு வந்தார். இரண்டு மருந்தும் சேர்ந்தால் முடி தாங்காது என்று சொல்லி, பணம் வேண்டாமென்று அக்கா அவரை அனுப்பிவிட்டார். எனக்கு அக்காமேல் மதிப்பு வந்தது அங்கேதான்.

குறைகளும் உண்டு. மருந்து வாடை வெளியேறப் போதிய ஜன்னல் இல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் யோசித்துச் செல்லுங்கள். படிக்கட்டும் செங்குத்து.

வேரிலிருந்து வரும் புது முடி மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. சுருட்டையாகவே வளரும். அந்த அடிமுடிக்கு மட்டும் மருந்து போட 140 வெள்ளி. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் செய்கிறார். தீபாவளிக்கு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.