ஒரே அறையில் இரண்டு நிறம்: பெயிண்ட் தேறியது, பெயிண்டிங் சர்வீஸ் தேறவில்லை

அடுப்படியும் சாப்பாட்டு மேஜையும் ஒரே அறையில் இருக்கிற ஃபிளாட் எங்களுடையது. நடுவில் சுவர் கிடையாது, மேலே குறுக்கே ஒரு பீம் மட்டும் ஓடுகிறது. சமைக்கிற பக்கம் முழுக்க வெளிர் கிரீம், மேஜை போட்டிருக்கிற பக்கத்துப் பெரிய சுவருக்கு மட்டும் அடர்ந்த இலைப்பச்சை. அடித்து ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் தாண்டிவிட்டதால் இப்போது தைரியமாக எழுதலாம். நிறம் பிரித்தது நன்றாகவே அமைந்துவிட்டது, பெயிண்டும் பரவாயில்லை, ஆனால் வேலை செய்த சர்வீஸ்காரர்களுக்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை.

இரண்டுமே கழுவக்கூடிய எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கிற பெயிண்ட்தான். கிரீம் மட்டும் லேசாகப் பளபளக்கிற ஷீன், பச்சை பளபளப்பில்லாத மேட். கடையில் இரண்டையும் ஷீனாகவே எடுக்கச் சொன்னார்கள், கேட்காதீர்கள். அடர் நிறத்தை ஷீனில் அடித்தால் பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளமெல்லாம் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அப்பட்டமாகத் தெரியும். மேட் அதையெல்லாம் மூடி மறைத்துவிடும். அடுப்புப் பக்கம் கதையே வேறு. மேடைக்கு மேல் டைல்ஸ் இரண்டடிதான், அதற்கு மேலே சுவர், தாளிக்கும்போது கடுகோடு தெறிக்கிற எண்ணெய் அது வரைக்கும் போகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் அன்றைக்கே துடைத்தால் தடம் தெரியாமல் போய்விடுகிறது. மஞ்சள்தூள் கறை மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும். ஜன்னல் வெயில் படுகிற இடத்தில் அதுவும் தானாக வெளுத்துவிட்டது, மஞ்சளுக்கு வெயில் ஆகாது. வெயில் எட்டாத மிக்ஸி மூலையில் இன்னும் லேசாக இருக்கிறது.

மேட்டில் ஒரு குறை உண்டு. நாற்காலி முதுகு உரசுகிற உயரத்தில் பச்சைச் சுவரில் நீளமாக ஒரு பளபளப்புக் கோடு விழுந்திருக்கிறது. அழுக்கில்லை அது, மேட் பெயிண்டைத் தேய்த்தால் அப்படித்தான் மினுங்கும், துடைக்கப் போனால் இன்னும் கூடும். மேஜையை ஒரு சாண் தள்ளிப் போட்டால் போதும்.

செலவு விஷயத்தில் அடர் நிறம் சத்தமில்லாமல் கையைக் கடிக்கும். அதற்கு வெள்ளை நிறமி குறைவான தனி பேஸ் (சாயம் கலப்பதற்கு முந்தைய பெயிண்ட்) எடுத்து, அதில் மெஷினில் சாயத்தை நிறைய இறக்குகிறார்கள், அதனால் லிட்டர் விலையும் வெளிர் நிறத்தைவிடக் கூடுதல். சில நிறங்கள் இரண்டு கோட் அடித்தாலும் சுவரை மூடவே மூடாது. எங்கள் பச்சைக்கு மூன்றாவது கோட் தேவைப்பட்டது, கொட்டேஷனில் இரண்டுதான் போட்டிருந்தார்கள், மூன்றாவதுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். அடர் நிறம் எடுக்கிறவர்கள் "எத்தனை கோட் ஆனாலும் சுவர் மூடுகிற வரைக்கும்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷேட் கார்டில் இருக்கிற தீப்பெட்டி அளவுச் சதுரத்தைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. இருப்பதிலேயே சின்ன டப்பா வாங்கி ஒரு சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, அதைச் சுவர் சுவராக ஒட்டிப் பாருங்கள், முக்கியமாக ராத்திரி. எங்கள் பச்சை பகலில் கறிவேப்பிலை மாதிரி இருக்கும், 6500 கெல்வின் வெள்ளை எல்இடி டியூப் போட்டதும் நீலம் தட்டி, தட்டில் இருக்கிற சாம்பார்கூட வெளிறித் தெரியும். மேஜைக்கு மேலே 3000 கெல்வின் மஞ்சள் பல்பு மாட்டிய பிறகுதான் அந்தப் பக்கம் சாப்பிட உட்காருகிற இடம் மாதிரி ஆனது. அடுப்புக்கு நேர் மேலே வெள்ளை வெளிச்சமே இருக்கட்டும், அரிசியில் கல் பொறுக்க வேண்டுமே.

அப்புறம் சர்வீஸ். இரண்டு நிறம் என்றாலே விஷயமெல்லாம் அவை சேருகிற கோட்டில்தான் இருக்கிறது. உள்மூலையில், இல்லாவிட்டால் பீமின் உள்விளிம்பில் நிறுத்த வேண்டும். வந்தவர் பீமுக்கு நேர் கீழே, வெறும் சுவரின் நடுவில் கோடு போட்டு நிறுத்தப் பார்த்தார், ஏதோ பெயிண்ட் தீர்ந்து போனதால் நிறுத்தியது மாதிரி இருந்திருக்கும். சொல்லி மூலைக்குக் கொண்டு போக வைத்தேன். அங்கேயும் மாஸ்கிங் டேப்பை ஒட்டியவர், கடைசி கோட் ஈரமாக இருக்கும்போதே உரிக்காமல் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மறுநாள் உரித்தார், டேப்போடு பச்சையும் பிய்ந்து வந்து ஓரமெல்லாம் பல் பல்லாக நிற்கிறது. டச்-அப் செய்கிறேன் என்று போனவர் போனவர்தான்.

இன்னொன்று இதைவிட மோசம். விளம்பரத்தில் தூசி இல்லாத மெஷின் என்றார்கள், வந்தது உப்புத்தாள். கதவு நிலையில் இருந்த பழைய எனாமல் பெயிண்டை உலர்ந்தபடியே தேய்த்தார்கள், பக்கத்து அலமாரியைக்கூட மூடவில்லை. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்கிற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமல் தூசியில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் சாப்பிடுகிற இடத்தில் அது பறக்கக் கூடாது. உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள், மேஜை, அலமாரி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாமல் வேலையை ஆரம்பிக்கவே விடாதீர்கள்.

அடுத்த முறை பெயிண்டை நானே வாங்கி, தெரிந்த மேஸ்திரிக்கு லேபர் மட்டும் கொடுப்பதாக இருக்கிறேன். நிறங்கள் இதே இரண்டுதான். டப்பா மூடியில் ஒட்டியிருக்கிற ஷேட் நம்பர், பேஸ் இரண்டையும் போட்டோ எடுத்து வைத்தாயிற்று.