பில் இல்லாத பாவித்த பார்ட்ஸ்: கம்பெனி வொரண்டியா, கடை வொரண்டியா?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பாவித்த கொம்பியூட்டர் பார்ட்ஸ் தேடுகிறவருக்கு இரண்டு வழி. ஒன்று, விளம்பரம் பார்த்து ஆளிடம் நேரே வாங்குவது. "பில் தொலைஞ்சிருச்சுண்ணே, ஆனா கம்பெனி வொரண்டி ஓடுது" என்பார். மற்றது, டவுன் கடையில் கொஞ்சம் கூடக் கொடுத்து, ஒரு மாத வொரண்டியோடு எடுப்பது. கையில் இருக்கும் அந்த ஒரு மாதத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கம்பெனி வொரண்டி "ஓடுது" என்றால், சீரியல் நம்பரை அடித்தால் கம்பெனியின் இணையத்தளத்தில் ஒரு திகதி வருகிறது, அவ்வளவுதான். கிங்ஸ்டன் ரேமுக்கு ஆயுள் வொரண்டி, பெட்டியில் வரும் ஏஎம்டி புரொசசருக்கு 3 வருடம். இரண்டும் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே. பிராண்டட் கொம்பியூட்டரிலிருந்து கழற்றிய சீகேட் ஹாட் டிஸ்க் என்றால், அந்தக் கொம்பியூட்டரை விற்றவரிடமே போகச் சொல்லிவிடும் சீகேட் கம்பெனி. திகதி மிச்சம் இருந்தாலும், க்ளெய்ம் பண்ணக் கொழும்புக்கு அனுப்பினால் முதல் கேள்வி பில் எங்கே என்பதுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பார்ட்டின் ஓரத்தில் முதலில் விற்ற கடையின் குட்டி ஸ்டிக்கர், திகதியோடு கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், காசு கொடுக்கும் முன் அந்தக் கடைக்கு ஒரு கோல் போட்டு சீரியல் நம்பரைச் சொல்லுங்கள். அவர்களுடைய கணக்கில் அது இருந்து, பில் இல்லாமலே பார்த்துத் தருகிறோம் என்றால், ஆளிடம் வாங்குவது லாபம்.

டவுன் கடையிலும் வாய்ப்பேச்சு உதவாது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. சீரியல் நம்பரையும் அதில் எழுதி வாங்குங்கள். பழுதானால் பெரும்பாலும் மாற்றித்தான் தருவார்கள், காசு திரும்பாது. கறள், கருகிய தழும்பு இரண்டையும் எந்த வொரண்டியும் ஏற்காது. பனியும் ஏப்ரல், ஒக்டோபர் இடியும் உள்ள நம் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

கிராபிக்ஸ் கார்டைக் கடை வொரண்டி இல்லாமல் தொடவே வேண்டாம். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் காசைக் கிராபிக்ஸ் கார்டால் உண்டாக்கும் மைனிங் நின்றபின் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்துவிட்டன. பவர் சப்ளையைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும், பேச்சே இல்லை. எஸ்எஸ்டி மட்டும் ஆளிடமே எடுக்கலாம். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் அதில் இதுவரை எவ்வளவு டேட்டா எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். சாம்சங் 870 ஈவோ 1 டிபி (டெராபைட்) எஸ்எஸ்டிக்கு வொரண்டி 5 வருடம் அல்லது 600 டிபி எழுத்து, எது முந்துகிறதோ அது. 40 டிபிதான் ஓடியிருக்கிறது என்றால் விலை பேசத் தொடங்கலாம்.

ரேமைக் கடையில் எடுத்தால், அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் போட்டு விடியும்வரை ஓட விடுங்கள். பிழை வந்தால் காலையில் கடை திறந்ததும் பில்லோடு போய் நிற்கலாம்.