கட்டைவிரலுக்கு மட்டும் அளவில்லை: பிரஸ்-ஆன் நகங்களோடு 14 மாதம்

சித்தப்பா மகளுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். "அக்கா, பிரஸ்-ஆன் நகம் வாங்கலாம்னு இருக்கேன். ஆல்மண்டா, காஃபினா? நீங்கதான் ரொம்ப நாளா போடுறீங்களே" என்று நேற்று கேட்டிருந்தாள். பிரஸ்-ஆன் என்றால் சொந்த நகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் ரெடிமேட் பிளாஸ்டிக் நகம். ஆல்மண்ட், காஃபின் என்பது நுனியின் வடிவம்: ஒன்று பாதாம் போல ஒடுங்கி முடியும், மற்றது சவப்பெட்டி போல ஒடுங்கி நுனியில் நேராக வெட்டியிருக்கும். கேட்ட நேரம்தான் சரியில்லை. காலையில் தோசை மாவைக் கையால் கரைத்துக்கொண்டிருந்தபோது என் வலது கட்டைவிரல் நகம் கழன்று உள்ளே போய்விட்டது. துழாவி எடுத்தும் அம்மா விடவில்லை. மூன்று நாளுக்கென்று அரைத்து வைத்த மாவு மொத்தமும் சிங்க்கில் போனது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் கீழே வருவதில் முக்கால் பங்கு நியாயம், கால் பங்கு மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 14 மாதத்தில் ஒன்பது பெட்டி போட்டிருக்கிறேன். 150 ரூபாய்க்கு வாங்கியதும் உண்டு, 1,100 ரூபாய்க்கு வாங்கியதும் உண்டு. பெட்டிக்கு 24 நகம், உள்பக்கம் எண், 0 என்றால் பெரியது, எண் கூடக் கூட நகம் சிறுக்கும். இதெல்லாம் ஒரு தடவை வாங்கினவர்களுக்கே தெரியும். ஆனால் ஆல்மண்டா காஃபினா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்கு நான்காவது பெட்டியில்தான் உறைத்தது. அது நுனி சமாச்சாரம். பிடிக்கவில்லை என்றால் அரத்தை எடுத்து ஐந்து நிமிடம் தேய்த்தால் காஃபின் ஓவலாகிவிடும், ஓவல் உருண்டையாகிவிடும். அரத்துக்கு அடங்காதது நகத்தின் வளைவு. அதை எந்தப் பெட்டியிலும் எழுதுவதில்லை.

விரல் நுனி உங்களைப் பார்க்கும்படி கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நகம் நாட்டு ஓடு போலக் கவிந்திருக்கிறதா, மொட்டைமாடி போலத் தட்டையாக இருக்கிறதா? என்னுடையது மொட்டைமாடி. நான் வாங்கிய பெட்டிகளில் முக்கால்வாசி நாட்டு ஓடு. தட்டை நகத்தின் மேல் வளைந்த நகத்தை வைத்து அழுத்தினால் அந்த நேரத்துக்குப் படிந்துவிடும். பசையும் பிடித்துவிடும். ஆனால் பிளாஸ்டிக் தன் பழைய வளைவுக்குத் திரும்பத்தான் பார்க்கும், நடுவில் பிடி தளரும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஓரமும் விட்டுக்கொடுத்து மயிரிழை அளவு தூக்கும். கண்ணுக்குத் தெரியாது, தலைக்குக் குளிக்கும்போது தெரியும். ஷாம்பு போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடுக்கில் ஒரு முடி சிக்கி, சுரீர் என்று இழுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் நான் போட்ட சத்தத்துக்கு அம்மா கதவைத் தட்டிவிட்டாள்.

இழுத்தால் கூடப் பரவாயில்லை, அந்த இடுக்கில் தண்ணீர் தங்குவதுதான் ஆபத்து. ஈரம் அப்படியே இருந்தால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகத்தில் பச்சைக் கறை விழும். ஓரம் தூக்கிவிட்டால் மேலே இன்னொரு சொட்டுப் பசை விட்டு மூடாமல், கழற்றி, உலர்த்தி, புதிதாக ஒட்ட வேண்டும். நான் ஆரம்பத்தில் சொட்டு விட்டு மூடிக்கொண்டிருந்தவள்தான். கறை விழாமல் போனது என் அதிர்ஷ்டம்.

நாட்டு ஓடு நகக்காரர்களுக்கு நேர் எதிர்த் தொல்லை. ஆபீசில் பக்கத்து சீட்காரிக்கு நீளமான, ஒடுங்கின, நன்றாக வளைந்த நகம். அவளுக்குத் தட்டையானதை ஒட்டினால் நடுவில் கச்சிதமாக உட்காரும், இரண்டு ஓரமும் ஒட்டும்போதே தூக்கி நிற்கும். அவளுக்கு ஆகாத பெட்டி எனக்கு ஆகும், எனக்கு ஆகாதது அவளுக்கு. இரண்டு பேரும் மாற்றிக்கொள்கிறோம்.

இனி கட்டைவிரல். எனக்கு அப்பாவின் கட்டைவிரல். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும்போது பாதி இலையை மறைக்கும் விரல் அது: குட்டை, அகலம், நுனியில் பரந்தது. அத்தைக்கும் அதேதான். மருத்துவத்தில் இதற்கு பிராக்கிடாக்டைலி டைப் டி என்று பெயர். வியாதி இல்லை, கட்டைவிரலின் கடைசி எலும்பு குட்டையாகவும் அகலமாகவும் அமைவது, பரம்பரையாக வருவது. என் கட்டைவிரல் நகம் 15.5 மில்லிமீட்டர். நான் வாங்கிய ரெடிமேட் பெட்டிகளில் 0 எண் நகம் 14 மில்லிமீட்டரைத் தாண்டியதில்லை. ஓரத்தில் முக்கால் முக்கால் மில்லிமீட்டர் என் சொந்த நகம் எட்டிப் பார்க்கும். எட்ட நின்று பார்ப்பவருக்குத் தெரியாது, ஆனால் ஒட்டும் பரப்பு குறைகிறது. நாள் முழுக்க அதிகம் வேலை செய்வதும் அந்த விரல்தான். மாத்திரை அட்டையை அழுத்துவது, கேஸ் அடுப்புத் திருகியைத் திருப்புவது, ஃபோனில் தட்டுவது, சின்ன வெங்காயம் உரிப்பது எல்லாம் அதன் தலையில்தான். மற்ற எட்டு விரலும் பத்து நாள் அசையாமல் நிற்க, கட்டைவிரல் மூன்றாம் நாளே பல்லிளித்துவிடும். ஒன்பது பெட்டியில், அளவு சொல்லிச் செய்து வாங்கிய ஒன்றைத் தவிர, எதுவும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

இதிலும் ஒரு கிளைத் தொல்லை உண்டு. என் கட்டைவிரல் நகம் விசிறி மாதிரி, அடியில் 13 மில்லிமீட்டர், போகப் போக விரியும். அடிக்குப் பொருந்துகிற நகத்தை எடுத்தால் மேலே போதாது. மேலே போதுமானதை எடுத்தால் அடியில் நகக்கண் தோலின் மேல் ஏறி உட்கார்ந்து உறுத்தும், நகச்சுத்தி வரப் போகிற மாதிரி விண்விண்ணென்று இருக்கும். கொஞ்சம் பெரியதை எடுத்து அடி ஓரங்களை மட்டும் அரத்தால் தேய்த்து ஒடுக்குவதுதான் ஒரே வழி. எல்லா விரலுக்கும் இதே விதிதான்: இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் பெரியதை எடுத்துத் தேய்க்க வேண்டும், சிறியதை எடுத்துச் சமாளிக்கக் கூடாது. கட்டைவிரலுக்குத் தேய்க்கப் பெரியது இருந்தால்தானே.

அளவெடுக்க செலோடேப் போதும். நகத்தின் அகலமான இடத்தில் குறுக்கே ஒட்டி, இரண்டு ஓரத்திலும் பேனாவால் புள்ளி வைத்து, உரித்து ஸ்கேல் மேல் ஒட்டிப் பார்க்க வேண்டும். நேராக ஸ்கேலை வைத்தால் வளைவு கணக்கில் வராது. இரண்டு கையையும் எடுக்க வேண்டும். எனக்கு வலது மோதிர விரல் இடதை விட அரை மில்லிமீட்டர் அதிகம்.

நுனி வடிவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்டது அதைத்தானே. குட்டையான அகல நகத்துக்கு ஓவலும் ஆல்மண்டும் விரலை ஒடுக்கிக் காட்டும், நடுத்தர நீளம் வரைக்கும்தான். காஃபின் என் விரலில் தோசைக்கரண்டி. ஸ்கொயர் பக்கத்து சீட்காரிக்கு அழகு, எனக்கு இன்னும் அகலம். அடியில் நகக்கண் எப்படி வளைகிறதோ அதே வளைவு நுனியிலும் வந்தால் இயல்பாக இருக்கும் என்பார்கள். என் எட்டு விரலில் அது உண்மை.

ஒட்டுவதற்கு இரண்டு வழி. ஸ்டிக்கர் போன்ற பசைத் துண்டு எங்கள் மதுரை வெயிலில் ஒரு நாள் நிற்கும், வேர்த்தால் வழுக்கும், ஆனால் கழற்றுவது சுலபம். பாட்டில் பசை சயனோஅக்ரிலேட். உடைந்த செருப்பை ஒட்டுகிற உடனடிப் பசையும் அதே குடும்பம்தான், அதற்காக அதை எடுத்து நகத்தில் விடாதீர்கள். ஒரு சொட்டு என் காட்டன் நைட்டியின் தொடையில் விழுந்தது. இரண்டு நொடியில் சூடு வைத்தது போல் எரிந்து, லேசாகப் புகை வந்தது. பருத்தியில் பட்டால் இந்தப் பசை வேகமாக இறுகும், இறுகும்போது சூடு கக்கும். சொட்டியதைப் பஞ்சால் துடைக்கப் போகிறவர்கள் கவனம்.

கழற்றும்போது பிய்க்கக் கூடாது. ஒரு தடவை அவசரத்தில் பிய்த்தேன், சொந்த நகத்தின் மேல் ஏடு அதோடு சேர்ந்து வந்தது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அந்தச் சொரசொரப்பு நுனிக்கு வந்து வெட்டி எறிய ஐந்து மாதம் ஆனது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் ஊறப்போட்டால் தானாக அசைந்து கொடுக்கும்.

இவ்வளவு புலம்புகிறவள் ஏன் 14 மாதம் போட்டாய் என்று கேட்கலாம். அழகுக்கு என்றுதான் ஆரம்பித்தேன். நடுவில் வேர்க்குரு சீசன் வந்தது. "பேய் மாதிரி நகம்" என்று தினமும் திட்டிக்கொண்டிருந்த அம்மா, ஒரு மத்தியானம் கரண்ட் போன நேரத்தில், "அந்த நகத்தால இங்க கொஞ்சம் சொறிடி" என்று முதுகைக் காட்டினாள். ஆல்மண்ட் நுனி, கீறாது, அதே சமயம் நன்றாகப் படும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள். அந்தக் கோடை முழுவதும் நகத்தைப் பற்றி வீட்டில் ஒரு சொல் எழவில்லை. இப்போது கழற்றி வைத்திருந்தால் "எப்ப போடப் போற?" என்று அவளே கேட்கிறாள். மாவு விஷயத்தில் மட்டும் பழைய அம்மா திரும்பிவிட்டாள்.

அளவு சொல்லிச் செய்து வாங்கிய பெட்டி ஒன்றும் உண்டு, அந்த 1,100 ரூபாய். பத்து விரலின் அளவையும் அனுப்பி, தட்டையாக வேண்டும் என்றும் சொல்லி, கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு ஜோடி கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். நான்கு விசேஷத்துக்குப் போட்டுக் கழற்றிவிட்டேன், ஒரு நகம் அசையவில்லை. ஆபீசுக்கு அதை எடுக்க மனம் வரவில்லை. அதனால்தான் மட்டமான பெட்டி, அதனால்தான் மாவு.

கணக்குப் பார்த்தால் லாபம்தான். பார்லரில் ஒரே ஒரு தடவை கொடுத்த காசுக்கு இரண்டு நல்ல பெட்டி வரும், பத்திரமாகக் கழற்றினால் மூன்று, நான்கு தடவை போடலாம். ஆனாலும் அவளுக்கு நான் எழுதிய பதில், "வேண்டாம், வாங்காதே." அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். அவள் நர்ஸ். நோயாளியைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் செயற்கை நகம் போடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டுக் கை சுகாதார வழிகாட்டி சொல்கிறது. ஒரு நாளைக்குப் போட்டு மறுநாளே கழற்ற இவ்வளவு பாடு எதற்கு? மருதாணி வைத்துக்கொள், மோதிரம் மாற்றும் படத்துக்கு அதுவே போதும் என்று எழுதினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "மருதாணியும் உண்டு, நகமும் உண்டு. ஒரே ஒரு நாளுக்குத்தான் அக்கா, அன்னிக்கு ராத்திரியே கழட்டிடுவேன்." சரி, பசைத் துண்டு போதும். மருதாணிக்கு மேல் தடவும் எண்ணெயை மட்டும் நகத்திலிருந்து நன்றாகத் துடைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் ஒட்டாது. கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஸ்கேல் மேல் கை, செலோடேப், இரண்டு புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன். குட்டை, அகலம், நுனியில் பரந்தது. சித்தப்பாவின் கட்டைவிரல். 15.5.

எழுந்துபோய் மேசை இழுப்பறையைத் திறந்தேன். கூடுதலாக வாங்கிய அந்த ஒரு ஜோடி இன்னும் பிரிக்காமல் கவரிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும்.