எங்கள் வீட்டு லைட்டுக்கு ஓனர் யாரோ: 86,500 ரூபாய் கொடுத்த பிறகு தெரிந்தது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். போனது 86,500 ரூபாய். லைட்டுக்கும் ஜன்னல் ஸ்கிரீனுக்கும்! தெரிந்தவர்களிடம் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம்தான் பாவப்படுகிறார்கள்.

கடை பெயரைச் சொல்லவில்லை. மதுரையில் இப்போது ஏரியாவுக்கு ஒன்று முளைத்திருக்கிறதே, வீட்டை "ஸ்மார்ட்" ஆக்கித் தருகிறோம் என்று ஏசி போட்ட ஷோரூம், அந்த மாதிரி ஒன்று. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் தானாக லைட் எரியும், தானாக ஸ்கிரீன் ஏறும். அங்கே எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

எங்கள் வீடு ஐயர் பங்களா பக்கம், மேற்குப் பார்த்த வாசல். ஹாலில் உள்ள இரண்டு பெரிய ஜன்னலும் மேற்கேதான். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு வந்துவிடும். அவருக்கு 78 வயது. மூட்டு தேய்ந்துவிட்டதால் எழுந்து நடந்து போய் ஸ்கிரீனை இழுப்பது பெரிய வேலை. நான் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவர் மட்டும்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஸ்கிரீனை இறக்க முடிந்தால் நல்லது என்று நினைத்தேன். அது ஒன்றும் தப்பான ஆசை இல்லையே.

வீட்டுக்கு அளவெடுக்க வந்தவர் ஷோரூமை நடத்துபவரே. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். வந்ததும் செருப்பை வாசலில் விட்டார், அப்பாவின் நாற்காலி பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அய்யா, நீங்க எந்திரிக்கவே வேணாம்" என்று சொல்லித் தன் போனை அப்பா கையில் கொடுத்தார். திரையில் ஒரு ஹால், ஒரு வயசான அம்மா, பின்னால் ஸ்கிரீன் மெதுவாக இறங்குகிறது. "எங்க அம்மாதான்க்கா. கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்கு, வெளிச்சம் ஆகாது. அவங்களுக்குப் போட்டதையேதான் உங்களுக்கும் போடப்போறேன்." நான் விழுந்தது அந்த இடத்தில்தான். அந்த அம்மா அவருடைய அம்மாதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அவருக்கு இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

அப்பா மில்லில் நாற்பது வருஷம் மெஷின் பார்த்தவர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, கரண்ட் போனா?"

"போனா வந்துரும் அய்யா."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பதிலே சொல்லவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மோட்டார் ஸ்கிரீன் மூன்று, ஒன்று 16,500. ஸ்மார்ட் பல்பு எட்டு, ஒன்று 950. சாதா சுவிட்சையும் போனிலிருந்து இயக்க, சுவிட்சு போர்டுக்குப் பின்னால் வைக்கும் மாட்யூல் நான்கு, ஒன்று 2,600. இதையெல்லாம் இணைக்க கேட்வே என்று ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, 6,000. ஃபிட்டிங் கூலி 8,000. "ப்ரோகிராமிங்" 5,000. கூட்டிப் பாருங்கள், 86,500 வரும். அந்த ப்ரோகிராமிங் என்பது சோபாவில் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் போனைத் தட்டியது. அட்வான்ஸ் 60,000, முடிந்ததும் 26,500, இரண்டும் ஜிபேயில், கடைக் கணக்குக்கு இல்லை, அவருடைய சொந்த நம்பருக்கு. பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான்க்கா ஏறும்" என்றார். எனக்காகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்ட் பில் குறையும் என்றும் சொன்னார். இதையாவது நான் கணக்குப் போட்டிருக்கலாம். ஒரு பல்பு 9 வாட். எட்டும் தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால்கூட இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட்தான். ஏற்கெனவே எல்.இ.டி. பல்பு இருந்த வீட்டில் இதில் எதைக் குறைப்பது? ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் வைஃபையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கும் கொஞ்சம் கரண்ட் போகும்.

மாசி மாதக் கடைசியில் மாட்டினார்கள். முதல் மூன்று வாரம் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அப்பா ரிமோட்டை பனியன் பைக்குள் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஸ்கிரீனை ஏற்றி இறக்கிக் காட்டினார்.

அப்புறம் ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும், கரண்ட் போய்விட்டு வந்தது. எங்கள் இன்வெர்ட்டரில் ஃபேன்கள் மட்டும்தான். கரண்ட் வந்ததும் வீட்டில் உள்ள எட்டு ஸ்மார்ட் பல்பும் ஒரே நேரத்தில் பளீரென்று எரிந்தன. அப்பா திடுக்கிட்டு எழுந்து, திருடன் என்று கத்தினார். இந்தப் பல்புகளுக்குச் சுவரில் உள்ள சுவிட்சு எப்போதும் ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போனில் உள்ள ஆப் பல்பைக் கண்டுபிடிக்காது. ஆனில் இருப்பதால் கரண்ட் திரும்பி வந்தால் தானாக எரியும். நிறைய ஸ்மார்ட் பல்புகள் வரும்போதே இப்படித்தான் வருகின்றன. ஆப்புக்குள் போய் "பழைய நிலைக்கே திரும்பு" என்று மாற்ற வழி இருக்கிறது. 5,000 ரூபாய் ப்ரோகிராமிங்கில் அது சேரவில்லை போல. மதுரையில் கரண்ட் போகாத மாதம் உண்டா? மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டே நிறுத்துகிறார்கள்.

மாடிப்படி லைட் வேறு கதை. ஆஃப் செய்தாலும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும், சில நேரம் விட்டு விட்டு மின்னும். அப்பா அதற்கு விடிவிளக்கு என்றே பெயர் வைத்துவிட்டார். எங்கள் தெரு எலக்ட்ரீசியன் போர்டைக் கழற்றிப் பார்த்து ஒரு நிமிஷத்தில் சொன்னார்: "அக்கா, இந்தப் பொட்டிக்குள்ள நியூட்ரலே வரல." நியூட்ரல் என்றால் கரண்ட் திரும்பிப் போகும் ஒயர். ஹால் போர்டில் பிளக் பாயிண்ட் இருப்பதால் அங்கே நியூட்ரல் ஒயர் இருக்கிறது. மாடிப்படியில் வெறும் சுவிட்சு மட்டும்தான். நியூட்ரல் இல்லாத இடத்தில் வைக்கும் மாட்யூல், தான் உயிரோடு இருக்க பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொள்ளும். சின்ன எல்.இ.டி. பல்புக்கு அந்தத் துளியே போதும், எரிந்துவிடும். பல்புப் பக்கம் ஒரு கெபாசிட்டர் போட்டால் சரியாகுமாம். அளவெடுக்க வந்த அன்றைக்கே ஒரு போர்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு ஸ்க்ரூகூட அன்றைக்குக் கழற்றவில்லை.

ஸ்கிரீனுக்கு வருகிறேன், வயிறு எரிவது இதில்தான். ஹால் ஜன்னல் ஒவ்வொன்றும் ஏழடி அகலம், அதற்குக் கனமான, வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணி. இந்த அளவுக்கு ஒயர் இழுத்து 230 வோல்ட் மோட்டார் போட்டிருக்கலாம். சுவரைக் கொத்த வேண்டாம் என்று பேட்டரி மோட்டாரை மாட்டினார். ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஆறு மாதம் வரும் என்றார். ஐந்து வாரம் வந்தது. சார்ஜ் போடும் துளை எங்கே இருக்கிறது தெரியுமா? ஸ்கிரீன் சுருளும் குழாயின் ஓரத்தில், தரையிலிருந்து எட்டடி உயரத்தில். எழுந்து நடக்கவே முடியாதவருக்கு வாங்கிய ஸ்கிரீனுக்கு ஏணி போட்டு ஏறி சார்ஜர் சொருக வேண்டும்.

ஒரு மதியம் இடது பக்க ஸ்கிரீன் பாதியில் நின்றுவிட்டது. மிச்சப் பாதி வழியாக வெயில் அப்பா முகத்தில். நான் ஆபீஸில். அவர் தட்டுத் தடுமாறி எழுந்து போய், நாற்பது வருஷப் பழக்கம், அடிக்கட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். மோட்டார் ஸ்கிரீனைக் கையால் இழுக்கக் கூடாதாம், மோட்டாருக்குள்ளே கியர் பல் போய்விடுமாம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. போன் செய்ததும் முதல் பதிலே, "கையால இழுத்திருந்தா வாரண்டி கிடையாதுக்கா."

அதோடு "அக்கா" குறைந்து "மேடம்" ஆரம்பித்தது.

டெக்னீஷியன் ராமநாதபுரம் சைட்டில் இருக்கிறார், வந்ததும் அனுப்புகிறேன் என்றார். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் சர்வர் டவுன். அப்புறம் சித்திரைத் திருவிழா, டவுனுக்குள் வண்டி விட மாட்டார்கள் மேடம். சரி, நியாயம்தான், நானும் மதுரைக்காரிதான். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கே திரும்பியும் போய்விட்டார். அந்த டெக்னீஷியன் மட்டும் இன்னும் ராமநாதபுரத்திலிருந்து திரும்பவில்லை.

சரி, நானே ஆப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்று போனவாரம் உட்கார்ந்தேன். எதைத் தொட்டாலும் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்கிறது. மெம்பர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். நான் "மெம்பர்". ஓனர் என்று இருப்பது அவருடைய நம்பர்! மாட்டும்போது தன் போனில் அக்கவுண்ட் திறந்து என்னைச் சேர்த்திருக்கிறார். அதாவது அவர் நினைத்தால் எங்கிருந்து வேண்டுமானாலும் என் அப்பா அறை லைட்டைப் போடலாம், அணைக்கலாம். நாங்கள் எத்தனை மணிக்கு லைட் அணைத்துத் தூங்குகிறோம், வீட்டில் எப்போது ஆள் இல்லை, எல்லாம் அவர் போனில் வரிசையாக இருக்கும். பார்த்தார் என்று சொல்லவில்லை. பார்க்க முடியும் என்பதே எனக்குப் போதும். அன்றைக்கு ராத்திரி வைஃபை பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

நேற்று சாயங்காலம் ஷோரூமுக்கே போனேன். அவர் இல்லை, ஒரு பையன் மட்டும். "மேடம், இந்த மாடல் நிறுத்திட்டாங்க, ஸ்பேர் வராது. புது மாடல் போட்டுக்கறீங்களா, பழைய கஸ்டமர்னு பத்து பர்சென்ட் குறைக்கிறோம்." 86,500 ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள் மூன்றே மாதத்தில் எனக்குத் தள்ளுபடி தருகிறார்கள். அவன் சின்னப் பையன், அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று வந்துவிட்டேன். வரும்போது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஸ்கிரீன் அழகாக ஏறியது.

போட நினைப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பத்து விஷயம் எழுதத்தான் ஆரம்பித்தேன். இப்போது பொறுமை இல்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். ஆப் அக்கவுண்டை உங்கள் நம்பரில், உங்கள் கையால் திறங்கள், அதற்கு முன்னால் ஒரு பல்பைக்கூட மாட்டவிடாதீர்கள். போர்டைக் கழற்றி நியூட்ரல் இருக்கிறதா என்று உங்கள் எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி பல்புகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் ஓடும், அது மாடி வரை கிடைக்கிறதா என்று பாருங்கள். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் கையாலும் இழுக்க முடிகிற ஸ்கிரீன் வேண்டும் என்று கேளுங்கள். மெயினை ஆஃப் செய்து ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள், அப்புறம் மிச்சப் பணம். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கேட்டும் பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். அவ்வளவுதான் ஞாபகம் வருகிறது.

நான் இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்திருக்கிறேன். இதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, இரண்டு ஜிபே ரசீது, நீல டிக் விழுந்தும் பதில் வராத நாற்பத்திரண்டு வாட்ஸப் மெசேஜ், எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன்.

ஹாலில் இப்போது இடது பக்க ஜன்னலுக்கு அப்பாவின் பழைய நாலு முழ வேட்டியை இரண்டு ஆணி அடித்துக் கட்டியிருக்கிறோம். கத்திரி வெயிலுக்கு அது போதவில்லை. சுவிட்சில் போட்டால் எரியும் சாதா பல்பு ஐந்து வாங்கி வந்தேன், இன்னும் மூன்று வாங்க வேண்டும்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்திருக்கிறது: "அக்கா, திங்கட்கிழமை கண்டிப்பா ஆள் வரும்." மறுபடியும் அக்கா. எந்தத் திங்கட்கிழமை என்று கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்து ஒரு மணி நேரம் ஆகிறது.